புகைக்குண்டும் புகைப்படமும்

மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது கல்லூரியின் பழைய நினைவுகள் பற்றிய கட்டுரை ஒன்று. அத்துறையில் எம்மினும் மூத்தோரும் நினைவாற்றல் மிக்கோரும் பலர் உளர். விடுதிச் சாப்பாட்டையும் துடுப்பாட்டப் போட்டிகளையும் அவர்கள் சுவைபட எழுதுவர். யாம் கல்லூரியிலே கற்று இன்றளவும் கைவிடாத கலை ஒன்றே உண்டு; அது படம் பிடித்தல். பௌதிக ஆய்வுகூடத்தின் பின்புறத்தே கறுப்புத் துணி தொங்கவிட்ட சிற்றறையில், சிவப்பு விளக்கின் கீழ், தட்டிலே கிடந்த வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல மெல்லத் தோன்றக் கண்ட நாள் தொட்டு, அறுபது ஆண்டுகளுக்கு அண்மையாக அப்பித்து எம்மை விட்டு நீங்கிற்றில்லை. ஆதலின் அக்கலையை ஒட்டி, 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே அயல்நாடொன்றில் யாம் கண்டதை எழுதத் துணிந்தோம். கல்லூரிக்கும் இதற்கும் தொடர்பு யாது என வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

இஸ்ரேல் நாட்டின் வடபாலில், கில்போவா மலைத்தொடருக்கும் நாசரேத்துக் குன்றுகளுக்கும் இடையே யெஸ்ரயேல் என்னும் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கின்றது. கில்போவா மலை சவுல் மன்னன் போரிலே மடிந்த இடம் என விவிலியம் கூறும். ஒரு காலத்திற் சதுப்பு நிலமாய், மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போனதாய் இருந்த அப்பள்ளத்தாக்கு இன்று கோதுமை வயல்கள் நிறைந்து, மாரிகாலத்தில் எம்மூர் வயல்களைப் போலவே பச்சைப் பசேலெனத் தோன்றும். இலண்டனில் எம்மோடு ஒரே பணிமனையில் நெடுங்காலம் தொழில் பார்த்த பொறியியலாளர் ஒருவர், ஓய்வு பெற்றபின், தொண்ணூறு கடந்த தம் அன்னையாரைக் கவனிக்கும் பொருட்டு அங்குள்ள சிற்றூர் ஒன்றிற் குடியேறினார். பன்முறை எழுதிய அவருடைய அழைப்பை ஏற்று யாம் சென்ற காலம், ஜனவரி 19 ஆம் நாள் தொடங்கிய போர்நிறுத்தம் நிலவிய காலம். பணயக் கைதிகளாகக் காசாவில் இருந்தோருட் சிலர் சில நாட்களுக்கு ஒருமுறை விடுதலையாகி வந்துகொண்டிருந்தனர். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி ஓயாது ஒலித்தது.

நண்பரின் வீட்டுக் கதவைத் திறந்து ‘ஆயுபோவன்’ எனக் கைகூப்பி நின்றவரைக் கண்டு யாம் திகைத்தே போனோம். அவர் குருநாகல் மாவட்டத்துப் பெண்மணி. நண்பரின் அன்னையாருக்குப் பணிவிடை செய்ய வந்தவர். இலங்கையர் ஆயிரக்கணக்கானோர் அந்நாட்டில் முதியோரைப் பராமரிக்கும் தொழில் செய்கின்றனர் என்பதை யாம் அறிவோம். எனினும் பனி மூடிய அவ்வயற்புறத்திலே எம் நாட்டுக் குரலைக் கேட்க எதிர்பார்த்தோமில்லை. இளமையிற் கண்டியில் உத்தியோகம் பார்த்தபோது கற்ற சிங்களம் எமக்கு அன்று கைகொடுத்தது. அவர் எம்மை ‘மாத்தயா’ என்றார். யாம் அவரை ‘நங்கி’ என்றோம். இரண்டாம் நாளே பருப்புக் கறியும் தேங்காய்ச் சம்பலும் மேசைக்கு வந்துவிட்டன.

2023 ஒக்டோபர் 7 ஆம் நாட் காலை ஹமாஸ் இயக்கத்தினரும் அவரோடு சேர்ந்தோரும் எல்லை கடந்து புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றமையும், உயிரோடும் பிணமாகவும் 251 பேரைக் காசாவுக்குக் கொண்டு சென்றமையும் யாவரும் அறிந்ததே. அதனைத் தொடர்ந்த போரில் ஈராண்டு முடிவிற் காசாவில் மாண்டோர் தொகை 67,000 ஐக் கடந்தது என அங்குள்ள சுகாதார அமைச்சு அறிவித்தது. அப்போரின் நியாய அநியாயங்களை இம்மலரில் ஆராயப் புகேம். குண்டுவீச்சு என்றால் என்ன, இடம்பெயர்வு என்றால் என்ன என்பதை வடபுலத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. யாம் கூறப்போவது, அப்பள்ளத்தாக்கு வாசிகள் கைதிகளின் பொருட்டுச் செய்த ஒரு சிறு காரியத்தையும், அதனைப் படம் பிடிக்கச் சென்றபோது எமக்கு நேர்ந்த சங்கடத்தையும் மட்டுமே.

அவர்கள் செய்யக் கருதியது, விடியற்காலையிலே வெப்பக்காற்றுப் பலூன்களை எழுப்பி, அவற்றின் கூடைகளிலே கைதிகளின் படங்களைத் தொங்கவிடுதல். மஞ்சள் நாடாவும் கட்டப்படும். மஞ்சள் நாடா கைதிகளுக்கு அடையாளமாய் அமைந்தது பழைய கதை. 1979 நவம்பரில் தெஹ்ரான் நகரத்து அமெரிக்கத் தூதரகத்திற் சிறைபட்டோருள் 52 பேர் 444 நாள் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுள் மூத்த அதிகாரியின் மனைவியார் தம் வீட்டு முற்றத்து மரத்தில் மஞ்சள் நாடா கட்டினார். அது நாடெங்கும் பரவிற்று. நாற்பதாண்டுகளுக்குப் பின் அது இஸ்ரேலியரின் சட்டைகளிலும் மோட்டார் வண்டிகளிலும் வந்து அமர்ந்தது.

முன்னாள் இரவு உணவு மேசையிலே இது பற்றி வழக்கு நிகழ்ந்தது. நண்பருக்கு இம்முயற்சியிற் சிறிதும் உடன்பாடில்லை. “பலூன் என்பது குழந்தைகளின் பிறந்த நாளுக்கு உரியது. நிலத்தடிச் சுரங்கத்திலே கிடப்பவனுக்காக வானத்தில் வண்ணக் குமிழி விடுவதா? இது திருவிழா ஆகிவிடும்; நாளைப் பத்திரிகையில் அழகிய படம் வரும்; அவ்வளவுதான்” என்றார். அவர் அன்னையார் சூப்புக் கோப்பையிலிருந்து தலை நிமிராமலே, “பத்திரிகையில் வேறு எதைப் போடுவார்கள்? வெறுஞ் சுவரையா?” என்றார். நண்பர் வாளாவிருந்தார். எமக்கு நண்பரின் கட்சியே வலியதாகத் தோன்றிற்று; ஆயினும் கமராவின் மின்கலங்களை அன்றிரவே மறவாது மின்னேற்றி வைத்தோம்.

பலூனும் திருவிழாவும் எம்மவர்க்குப் புதியன அல்ல. வல்வெட்டித்துறையிலே சித்திரா பௌர்ணமியை ஒட்டி நிகழும் இந்திரவிழாவிற் புகைக்குண்டு விடுதலைக் காணாதார் யார்? மெல்லிய வண்ணத் தாள்களைப் பசைகொண்டு ஒட்டிக் கூண்டாக்கி, அடிவாயில் எண்ணெய் தோய்த்த துணிப்பந்தைக் கொளுத்தி, நால்வர் விளிம்பைப் பிடித்து நிற்க, உள்ளே வெப்பம் ஏற ஏற அது உப்பி எழுந்து தென்னந் தலைகளைக் கடந்து போகும். எம் பௌதிக ஆசிரியர் ஆக்கிமிடீசின் தத்துவத்தை விளக்கியபோது கப்பலை உதாரணமாகக் கூறினாரல்லர், புகைக்குண்டையே கூறினார். ஒரு கன மீற்றர் காற்று சாதாரண வெப்பத்தில் ஏறத்தாழ 1.2 கிலோகிராம் நிறையுடையது. அதனை 100 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் 0.95 கிலோகிராம் அளவாகக் குறையும். வேறுபாடு கால் கிலோகிராம் தான். ஆனால் இக்காலப் பலூன் ஒன்றின் உறை 3,000 கன மீற்றர் கொள்ளும். அப்போது அந்தக் கால் கிலோகிராம் பெருகி ஏறத்தாழ எழுநூற்றைம்பது கிலோகிராமைத் தூக்கும் வலிமை ஆகின்றது.

இவ்வித்தையை ஐரோப்பாவிலே தொடங்கி வைத்தோரும் தாள் செய்யும் குடும்பத்தினரே. மொங்கோல்பியர் சகோதரர் 1783 ஜூன் 4 ஆம் நாள் பிரான்சின் அனோனே நகரிலே தம் பலூனை எழுப்பினர். செப்டெம்பரில் வெர்சாய் அரண்மனை முன்றலில் ஆடு ஒன்றும் தாரா ஒன்றும் சேவல் ஒன்றும் ஏறிப் பறந்தன. அடுத்து மனிதரை ஏற்றவேண்டிய முறை வந்தபோது, மரண தண்டனை பெற்ற சிறைக்கைதிகளை ஏற்றிப் பார்க்கலாம் என மன்னன் பதினாறாம் லூயி கருதினான் என்பர். இறந்தால் நட்டமில்லை என்பது மன்னர் கணக்கு. பிலாத்ர் து றோசியர் என்பார் அப்பெருமை கைதிகளுக்குச் செல்லலாகாது என வாதாடி, நவம்பர் 21 ஆம் நாள் தாமே இன்னொருவருடன் ஏறிப் பரிஸ் நகரின் மேலே பறந்தார். அதன்பின் நெடுங்காலம் வாயுப் பலூன்களே மேலோங்கி நின்றன. வெப்பக்காற்றுப் பலூன் மீண்டும் உயிர்பெற்றது 1960 ஒக்டோபர் 22 ஆம் நாள். எட் யோஸ்ற் என்னும் அமெரிக்கர் நைலோன் துணியில் உறை தைத்து, புறொப்பேன் வாயுச் சுடரடுப்பை அடியில் வைத்து நெப்ராஸ்காவிற் பறந்தார். எம் ஆய்வுகூடத்துப் பன்சன் சுடரடுப்பின் பெருந்தமையன் என அதனைக் கொள்க.

படக்காரருக்கும் பலூனுக்கும் உள்ள உறவு சொல்லத் தக்கது. நாடார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார். பெயரைக் கண்டு எம்மவர் என மயங்கற்க. பரிசின் புகழ் பெற்ற படப்பிடிப்பாளரான அவர், 1858 இல் பலூனிலே கமராவைக் கொண்டு சென்று மேலிருந்து நிலத்தைப் படம்பிடிக்க முயன்றார். பன்முறை தகடுகள் கறுத்துப் போயின. பலூனின் கழுத்து வழியே கசிந்த வாயு ஈரத் தகட்டைக் கெடுக்கின்றது என உணர்ந்து, கழுத்தை மூடிவிட்டு ஏறியபோதே சில வீடுகளும் ஒரு சாலையும் மங்கலாய் விழுந்தன. அப்படம் இன்று இல்லை. எஞ்சியவற்றுள் மிகப் பழையது 1860 இல் பொஸ்ரன் நகரின் மீது எடுக்கப்பட்டதே. 1870 இற் பிரசியப் படை பரிசை முற்றுகையிட்டபோது, இதே நாடார் மொன்மார்த்ர் மேட்டிலிருந்து பலூன்களைத் தபாலுடன் அனுப்ப முன்னின்றார். அமைச்சர் கம்பெற்றா பலூன் ஏறி முற்றுகையிலிருந்து தப்பிய நாள் அவ்வாண்டு ஒக்டோபர் 7! நாளொற்றுமைக்குப் பொருள் கற்பிப்பவர் அல்லேம். படித்தபோது புத்தகத்தைச் சற்று மூடி வைத்தோம், அவ்வளவே. முற்றுகைக் காலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட பலூன்கள் நகரை விட்டு வெளியேறின. ஒன்றாயினும் நகருக்குள் திரும்பி வந்திலது. பலூனுக்குச் சுக்கான் இல்லை, போக்குண்டு, வரவில்லை. மறுமொழிகளைப் புறாக்களே கொண்டு வந்தன. அடுத்த ஆண்டு அதே நகரிற் புரட்சியாளர் பரிஸ் பேராயரைப் பணயக் கைதியாகப் பிடித்து வைத்து, மே 24 ஆம் நாட் சுட்டுக் கொன்றனர்.

இனி அன்றைய விடியலுக்கு வருவோம். பலூன்காரர் ஞாயிறு எழுமுன்னே களத்தில் நிற்பர். வெயில் ஏறி நிலம் சூடானாற் காற்றுக் குழம்பும். யாம் நண்பரின் வண்டியிற் சென்று இறங்கியபோது நல்லிருட்டு. பள்ளத்தாக்கிலே மூடுபனி முழங்காலளவு கிடந்தது. பெரிய விசிறிகளை இயக்கி, தரையில் விரித்த துணியுறைகளினுட் காற்றைச் செலுத்திக்கொண்டிருந்தனர். ஐந்து பலூன்கள், நடுவில் ஒன்று முழு மஞ்சள். ஓர் இளைஞர் கைப்பலூன் ஒன்றை மேலே விட்டு அது சாயும் திசையை நெடுநேரம் நோக்கி நின்றார். மேற்காற்றுக் கிழக்கே யோர்தான் எல்லையை நோக்கி அடிக்கின்றது. ஆகவே பெரியவை நான்கும் கயிற்றிற் கட்டியபடியே எழும். மஞ்சட் பலூன் மட்டும் தாழப் பறந்து அடுத்த வயலில் இறங்கும் என அறிவித்தனர். நண்பர் எம்மை நோக்கி, “கட்டுண்ட பலூன்! இதற்கு நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை” என முணுமுணுத்தார்.

இருநூறு பேரளவிற் கூடியிருந்தனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். பேச்சுக் குறைவு. திருவிழா ஆகிவிடும் என நண்பர் அஞ்சியது நிகழவில்லை. எம் பக்கத்திற் சாவீட்டு முற்றத்திலே கூடிநிற்போர் போலத் தாழ்ந்த குரலிற் கதைத்தனர். பொறுப்பாளரான அம்மையார் எம் கமராவையும் முக்காலியையும் கண்டு எம்மையும் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் எனக் கருதிவிட்டார். “சூரியன் மலைக்கு மேலே வரும்போது மஞ்சட் பலூன் எழும். மலையும் பலூனும் சேர்ந்த படம் ஒன்று வேண்டும். முகப்புப் பக்கத்துக்கு” என வேண்டினார். யாம் அன்று இரவல் மரியாதையை மறுத்தோமில்லை.

எமக்குச் சங்கடம் தோன்றியது அங்கேதான். பலூன் ஏழு மாடி உயரம். கைதியின் படமோ இரண்டு அடி. பலூன் முழுதும் அடங்குமாறு பின்னே நகர்ந்தால் முகங்கள் அரிசிமணி ஆகின்றன. முகம் தெரியுமாறு முன்னே சென்றாற் பலூன் வெறும் மஞ்சட் சுவர் ஆகின்றது. அன்றியும் ஒளி ஒரு பெருந்தொல்லை. உள்ளே தீ எரியும்போது உறை விளக்குக் கூண்டு போலச் சுடர்விடும். அவ்வொளிக்கு அளந்து ஒளித்துளையைக் குறுக்கினால், கீழே நிற்பவரும் அவர் கைப்படமும் கரியாய் இருண்டுபோவர். எதன் பொருட்டு எல்லாம் நிகழ்கின்றதோ அதுவே படத்தில் இல்லாமற் போகும். வில்லையை மாற்றியும் முக்காலியை நகர்த்தியும் பனி ஈரத்தில் யாம் அலைந்ததைக் கண்டு, கைப்பேசியால் ஒரு நொடியிற் படமெடுத்து முடித்த சிறுவர் நகைத்தனர்.

அப்போதுதான் பலூன் வண்டியின் சக்கரத்தோடு சாய்த்து வைத்திருந்த படம் ஒன்றைக் கண்டோம். அதனைத் தாங்க எவரும் வந்திலர். முகம் எம் கண்டத்து முகம். நேபாள நாட்டு இளைஞன். விவசாயக் கல்வி பயில, உழைத்துக்கொண்டே கற்கும் திட்டமொன்றில் 2023 செப்டெம்பரில் வந்தவன். காசா எல்லையை அடுத்த அலுமிம் என்னும் கூட்டுப் பண்ணையில் அவனோடு இருந்த நேபாள மாணவருட் பத்துப் பேர் ஒக்டோபர் 7 ஆம் நாளிற் கொல்லப்பட்டனர். ஒளிந்திருந்த அறையினுள் எறியப்பட்ட கைக்குண்டு ஒன்றை அவன் எடுத்து வெளியே வீசி உடனிருந்தோரைக் காத்தான் எனத் தப்பிய மாணவர் கூறினர். அவன் உயிரோடு பிடிபட்டான். யாம் அங்கு நின்ற அன்று, உளனோ இலனோ என்பது எவர்க்கும் தெரியாது.

நங்கி நண்பரின் அன்னையாரைத் தள்ளு நாற்காலியில் அமர்த்திப் போர்வை சுற்றிக்கொண்டு நின்றார். அவர் பார்வையும் அப்படத்தின் மேல் வீழ்ந்தது. “மாத்தயா, இந்தப் பிள்ளையைப் பிடிக்க ஒருவரும் இல்லையா?” என்றார். “வீட்டார் நேபாளத்தில் அல்லவா இருக்கின்றார்கள், நங்கி” என்றோம். அவர் சற்று நின்றார். அந்த நாளிற் கொல்லப்பட்டோருள் இலங்கையர் இருவரும் உளர் என்பதும், அவர்களும் இவரைப் போல முதியோரைப் பராமரிக்க வந்தவர்கள் என்பதும் யாம் அறிவோம். அவர் அதனை எம்மிலும் நன்கு அறிவார். கிழவியம்மையார் ஆங்கிலத்தில், “போ, போ, நான் எங்கும் ஓடிவிடமாட்டேன்” என்றார். நங்கி சென்று படத்தைத் தூக்கினார். ஈரம் பட்டிருந்த மூலையைத் தம் மேலாடையாற் துடைத்தார். பின் வட்டத்திலே போய் நின்றார்.

ஒலிபெருக்கியிற் பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பலூன்காரர் சுடரடுப்பைத் திறப்பார், இரண்டு மூன்று செக்கன் தீ சீறி எரியும், பின் இருள். மூன்றாம் பெயரளவிலே எமக்கு ஒன்று புலப்பட்டது. தீ எரியும் அந்த இரண்டு மூன்று செக்கனில் அதன் ஒளி உறையை மட்டுமன்றிக் கீழே நிற்பவர் முகத்தையும் கைப்படத்தையும் தொட்டு விளக்குகின்றது. ஞாயிற்றை எதிர்நோக்கி நின்று யாம் இழந்த ஒளி அடுப்படியிலே கிடக்கின்றது! பலூனை மறந்தோம். நேர்மேலே எரியும் தீயின் பக்கமாய் நெருங்கிச் சென்று, நங்கியின் எதிரே முழந்தாளிட்டு, நேபாள மாணவனின் பெயர் வரும்வரை காத்திருந்தோம். அவன் பெயரை வாசிப்பவர் சற்றுத் தடுமாறி உச்சரித்தார். தீ எழுந்தது. ஆறு படங்கள் எடுத்தோம். ஒன்றில் மட்டும் நங்கியின் முகமும் அவன் முகமும் ஒரே ஒளியில் நிற்கின்றன.

அதன்பின் ஞாயிறு மலையுச்சிக்கு வந்தது. மஞ்சட் பலூனும் எழுந்தது. பொறுப்பாளர் வேண்டிய படத்தையும் எடுத்துக் கொடுத்தோம். அழகிய படந்தான். பனிக்கடல் மேலே பொன் உருண்டை. இருபது நிமிடம் பறந்து அது கோதுமை வயலில் இறங்கிற்று. நண்பர் அப்படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கூறாது திருப்பித் தந்தார். நங்கியின் படத்தையும் பொறுப்பாளருக்குக் காட்டினோம், “நல்ல படம், ஆனால் இதிற் பலூன் இல்லையே” என்றார். அவர் கூறியது உண்மையே.

கல்லூரிக்கும் இதற்கும் தொடர்பைப் பின்னர் சொல்வோம் என்றோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், யாம் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, உறவுமுறையில் எமக்கு மாமியாகும் ஒருவர் கையிலே கல்லூரி மாணவர் குழுப்படம் ஒன்றோடு வந்தார். மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவதாக நிற்பவன் அவர் மகன். பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பி விடவில்லை. எங்கே என்று சொல்வாரும் இல்லை. இடம்பெயர்ந்த காலத்திலே வீட்டுப் படங்கள் யாவும் போய்விட்டன, எஞ்சியது இதுவொன்றே. “தம்பி, இவனை மட்டும் எடுத்துப் பெருப்பித்துத் தரமாட்டீரோ?” என்றார். இலண்டனுக்குக் கொண்டுவந்து, படத்தைப் படம் பிடித்து, கடுகளவு முகத்தைக் கையளவுக்குப் பெருப்பித்தோம். பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் கரைந்து வெறும் கரும்புள்ளிகளாயிற்று. கண் எது, நிழல் எது என எமக்கே ஐயம். வெட்கத்தோடு அனுப்பி வைத்தோம். “இது காணும்” என இரண்டு சொல்லில் மறுமொழி வந்தது. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய அமர்வு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அங்கே அன்னையர் மடியில் இருந்த படங்களைப் பத்திரிகையிற் காணுந்தோறும், புள்ளி புள்ளியாய்த் தோன்றும் முகங்களையே எம் கண் தேடும். மாமி அந்த அமர்வு தொடங்குமுன்னே காலமானார்.

இதனை யெஸ்ரயேல் வயலில் நின்றபோது நங்கியிடம் கூறினோமில்லை. அன்று மாலை தேநீர் வேளையிற் கூறினோம். அவர் நெடுநேரம் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். “எங்கள் ஊரிலும் உண்டு, மாத்தயா” என்றார். எண்பத்தொன்பதாம் ஆண்டையே அவர் குறித்தார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, யாமும் கேட்டோமில்லை.

மார்ச் 18 ஆம் நாட் போர் மீண்டும் மூண்டது. யாம் அதற்கு முன்பே இலண்டன் திரும்பிவிட்டோம். அவ்வாண்டு ஓகஸ்டில் அம்மாணவனின் தாயும் சகோதரியும் நேபாளத்திலிருந்து இஸ்ரேலுக்கு வந்து அவன் விடுதலைக்காக மன்றாடினர் எனச் செய்தியிற் கண்டோம். ஒக்டோபர் 13 ஆம் நாள், உயிரோடிருந்த கைதிகள் 20 பேரும் விடுவிக்கப்பட்டனர். இஸ்ரேலியச் சிறைகளிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் பலஸ்தீனர் விடுவிக்கப்பட்டனர். இருபதின்மருள் நேபாள மாணவன் இல்லை. அன்றிரவு கையளிக்கப்பட்ட நான்கு உடல்களுள் ஒன்று அவனுடையது.

இரண்டு நாள் கழித்து நங்கி தொலைபேசியில் அழைத்தார். நண்பரின் அன்னையார் நலம் எனவும், நண்பருக்கு இருமல் எனவும் முதலிற் கூறினார். பின்னர்த் தம் நேபாளத் தோழியர் சிலர் ஓர் அறையிலே விளக்கேற்றி வைக்கப்போவதாகவும், அதற்கு அந்தக் காலைப் படம் வேண்டும் எனவும் கேட்டார். “பத்திரிகையில் எல்லாம் அவன் படம் இருக்கின்றதே, நங்கி?” என்றோம். “இருக்கின்றது, மாத்தயா. உங்கள் படத்தில் முகத்தில் வெளிச்சம் இருக்கின்றது. என்னை வெட்டிவிட்டுப் பிள்ளையின் முகத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்புங்கள்” என்றார்.

அன்றிரவே அமர்ந்து அவ்வாறு செய்தோம். இக்காலக் கருவியில் முகம் புள்ளிகளாய்க் கரையவில்லை; தெளிவாய் நின்றது. நங்கியின் முகம், தோள், மேலாடை யாவும் நீங்கின. படத்தின் இரு விளிம்பையும் பற்றியிருந்த விரல்கள் மட்டும் நீங்கவில்லை. அவற்றை வெட்டினால் அவன் காதோரம் வெட்டுப்படும். விரல்களை அப்படியே விட்டு அனுப்பினோம்.